நல்லாருக்குதுங்க

எங்கள் அலுவலகம் அஸ்தம்பட்டியில், ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில் இருக்கிறது. கோழிப்பண்ணைக்காரர்கள் அன்றாடம் எத்தனை முட்டை, எவ்வளவு தீனி என்று பதிந்துகொள்ளும் செயலி எங்களுடையது. அங்கே எதையும் புது வசதி என்று சொல்ல விடமாட்டார்கள். சோதனை என்றுதான் சொல்ல வேண்டும். எது நடந்தால் வைத்துக்கொள்வோம், எது நடந்தால் எடுத்துவிடுவோம் என்று முதலிலேயே எழுதிவிட்டு, பாதிப் பண்ணைகளுக்கு மட்டும் திறந்துவிடுவோம். பலிக்கவில்லையென்றால் ஒரு ஸ்விட்சை அணைத்தால் போதும், யாருக்கும் திட்டு கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். அணைக்கப்போவது நாம் பெற்ற பிள்ளை என்றால்தான் தெரியும்.

என் பிள்ளை ஒரு பேசும் பட்டன். விரலால் தட்டாமல், வாயால் சொன்னால் பதிவாகிவிடும். மூன்று மாத உழைப்பு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. புதுச்சத்திரம் பக்கம் பண்ணை பண்ணையாகப் போய், எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சொல்லிவைத்தாற்போல எல்லாரும் "நல்லாருக்குதுங்க" என்றார்கள். மோர் வேறு கொடுத்தார்கள். ஆனால் பட்டனை அமுக்குகிறவர்கள் நாளுக்கு நாள் குறைந்து, இரண்டாவது வாரம் ஒரே ஒரு பண்ணைதான் மிஞ்சியது. அங்கே மட்டும் தினமும் காலை ஆறு மணிக்கு யாரோ அமுக்கினார்கள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பல் துலக்கும்போதும், ஏற்காடு ரோட்டு சிக்னலில் வண்டி நிற்கும்போதும் போனைத் திறந்து அந்த ஒற்றை எண்ணைப் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை அணைத்துவிடலாம் என்று டீம் லீடர் அக்கா சொன்னபோது சண்டைக்கே போய்விட்டேன்.

"ஒருத்தராச்சும் விடாம யூஸ் பண்றாங்கல்லக்கா?"

"ஏன் பண்றாங்கன்னு தெரிஞ்சுட்டு வா. காரணம் சரியா இருந்தா ஒரு வாரம் தள்ளி வைக்கலாம்."

எங்கள் திரையில் பண்ணைகளுக்கு எண் மட்டும்தான் இருக்கும். அந்த எண்ணை வாடிக்கையாளர் பட்டியலில் தேடினேன். வந்தது என் அப்பாவின் பண்ணை.

அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அப்பா ஷெட்டுக்குள் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கோழிகளின் கொக்கரிப்பில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ஏனுங்கப்பா, பட்டனை அமுத்தி என்ன பேசறீங்க?"

"ஒண்ணும் பேசறதில்ல சாமி. அமுத்தி உட்டுர்றேன். யாரும் அமுத்தலீன்னா எடுத்துப் போடுவாங்கன்னு நீதான சொன்ன? இந்தச் சத்தத்துல நாம பேசறது அதுக்கு எங்க கேக்குது? எல்லாம் கையிலதான் போடறேன்."

கோபம் என் மேல்தான், காட்டியது அவரிடம்.

"புதுத் தீனி வந்தா ஒரு ஷெட்டுக்கு மட்டும் போட்டுப் பாக்கறீங்கல்ல? அதுல யாராச்சும் பழைய தீனியக் கலந்து உட்டா உங்களுக்கு என்ன தெரியும்?"

அப்பா யோசித்தார். "தப்புத்தான் சாமி."

"அப்பறம் ஏன் நான் வந்து கேட்டப்ப நல்லாருக்குதுன்னு சொன்னீங்க?"

"அன்னிக்கு உம்பட மொகத்தப் பாத்துட்டு வேற என்னத்தச் சொல்றது?"

அத்தனை பண்ணைகளுக்கும் அதே முகத்தைத்தான் கொண்டுபோயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

டீம் லீடர் அக்காவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "நீயே அணைச்சுடு," என்றார். ஷெட் வாசலில் தீனி மூட்டைமேல் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து அணைத்தேன். அப்பா தன் போனில், பட்டன் மறைந்த திரையில், அன்றைய முட்டை எண்ணிக்கையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இப்ப நல்லாருக்குது சாமி."

இந்த முறை அது உண்மை என்று தெரிந்ததால் அழுகை வந்தது.