பாருக்குள் வந்த போர்க்கப்பல்

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது, கடலுக்குப் போகக் கூடாது என்று எங்கள் தூத்துக்குடிக் கரையில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதனால் என் வீட்டுக்காரர் விடியுமுன்னே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

கரையில் நின்ற என்னை மாமியார் அதட்டினாள்.

“என்னத்துக்குளா நடுங்குத? போர்க்கப்பல் பாருக்குள்ள வராது. வந்தா தரை தட்டிரும்.”

எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். முந்திப் பார்த்த போர்க்கப்பல்கள் பெரியவை, தூரத்தில்தான் நிற்கும். பயம் வந்தால் கடலடிப் பாறைகள் நிறைந்த பாருக்குள் ஒதுங்கி, கண்ணில் படாமலிருக்கப் பாயை இறக்கிவிடுவார்கள்.

அன்று விடிந்ததும் வந்தது நம் கடற்படையின் சின்னக் கப்பல். முன்னால் பீரங்கி இருந்தது. கரையோரச் சண்டைக்கென்றே, ஆழமில்லாத தண்ணீரிலும் ஓடும்படி கட்டியதாம், பிற்பாடு சொன்னார்கள். அது நேராகப் பாருக்குள் நுழைந்தது. அவர் வழக்கம்போல் பாயை இறக்கினார். எதிரி ஒளிகிறான் என்று சுட்டுவிடுவார்களே என்று எனக்கு உயிரே இல்லை. மாதாவே, மாதாவே என்று உள்ளுக்குள்ளேயே சொன்னேன்.

பீரங்கி அவர் பக்கம் திரும்பியது. சுடவில்லை. கயிறு கட்டி வள்ளத்தை இழுத்து வந்தார்கள். அதில் ஒரு மீன்கூட இல்லை.

கரையேறியவர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏளா, இனி ஒதுங்கக் கடல்ல எடம் இல்ல” என்றார்.