சம்பந்தி சைக்கிளின் டயர் நம்பர்

சாமி சன்னிதியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது உங்களுக்கு என்ன தெரியும்? எனக்கு இந்த மழைக்காலம் முழுக்க ஒரு சைக்கிள் டயர்தான் தெரிந்தது. அதுவும் என் டயர் இல்லை. என் சம்பந்தியின் டயர்!

சிரிக்காதீர்கள். வாராவாரம் என் வீட்டுக் கதையைப் படிக்கிறவர்கள் நீங்கள். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

எனக்குச் சுகர் வந்ததும், "ஸ்கூட்டரை ஓரமா நிறுத்துங்க, சைக்கிள் மிதிங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் பையன் கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் படிக்கப் போனபோது விட்டுப் போன மவுண்டன் பைக் ஒன்று படிக்கட்டுக்குக் கீழே சும்மா கிடந்தது. தடித்த டயர். டயர் முழுக்கப் பலாப்பழத் தோல் மாதிரி முள் முள்ளாக ரப்பர். துடைத்து எடுத்தேன். என் மளிகைக் கடைக்கும் அதில்தான், செவ்வாய்க்கிழமை காலையில் முருகன் கோயிலுக்கும் அதில்தான்.

சுனாமிக்குப் பிறகு கீழே இருந்த வீட்டை விட்டுவிட்டு, போர்ட் பிளேயரில் மின்னி பே என்கிற பகுதியில் மேட்டுக்குக் குடி வந்தவர்கள் நாங்கள். எங்கே போவதென்றாலும் முதலில் இறக்கம், அப்புறம் கடலோர ரோடு, அப்புறம் ஏற்றம். கோயிலும் மேட்டில்தான். காட்டுப் பாதைக்கென்று செய்த டயரைத் தார் ரோட்டில் ஓட்டினால் என்ன ஆகும்? 'உர்ர்ர்' என்று ஒரு உறுமல். படுத்திருக்கிற நாய் எழுந்து ஓரம் போகும். நாம் மிதிக்கிற மிதியில் பாதி அந்த முள்ளுக்கே போய்விடும்.

அதனால் என்ன, மெதுவாகப் போனால் முருகன் கோபித்துக்கொள்வாரா என்று கேட்பீர்கள். விஷயம் இருக்கிறது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். செவ்வாய்க்கிழமை அபிஷேகம் முடிந்ததும் முதலில் வந்து சேர்ந்த மாலை சாமி மார்புக்கு. அடுத்தது வேலுக்கு. அதற்கடுத்தது மயிலுக்கு. மீதி எல்லாம் பாதத்தில். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

பல வருடமாக மார்பு மாலை என்னுடையது. எங்கள் வீட்டுச் செவ்வரளி. கட்டுவது என் மகள் செல்வி. இரண்டு பூ, எதிரே இரண்டு பூ, நடுவில் ஒரு பச்சை இலை. முடிச்சை இறுக்கும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வாள். அப்படியொரு நெருக்கமான கட்டு.

போன தை மாதம் செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு இதே மின்னி பேயில், கீழ்த்தெருவில். பெண் பக்கத்திலேயே இருக்கிறாள் என்று முருகனுக்குப் பால்குடம் எடுத்தேன். அந்த வீட்டிலும் ஒரு செவ்வாய்க்கிழமை பக்தர் இருக்கிறார் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அவர்தான் என் சம்பந்தி. ஃபீனிக்ஸ் பே துறைமுக ஜெட்டியில் தீவுக் கப்பல்களில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். என்னைவிட மூத்தவர். ஒல்லி. எந்நேரமும் சிரித்த முகம். மெல்லிய டயர் போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறார்.

கல்யாணம் முடிந்து சில வாரம் இருக்கும். நான் மூச்சு வாங்க ஏற்றத்தில் உறுமிக்கொண்டு போகிறேன். பின்னால் 'கிளிங்' என்று ஒரு மணி.

"சம்பந்தி! அவசரமில்ல, மெதுவா வாங்க!"

காற்று மாதிரி தாண்டிப் போய்விட்டார். மெதுவா வாங்க... அது மரியாதையா, குத்தலா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மாலை முருகன் மார்பில் இருந்தது. பார்த்தேன். இரண்டு பூ, எதிரே இரண்டு பூ, நடுவில் ஒரு பச்சை இலை.

என் மகள் கட்டிய மாலை!

இப்போது சொல்லுங்கள். என் வயிறு எரிந்ததில் தப்பு உண்டா?

அதன் பிறகு வாராவாரம் இதே கதைதான். மகள் போன பிறகு மாலை கட்டுவது என் மனைவி. வீடு திரும்பியதும் வாசலிலேயே கேட்பாள்.

"ஏங்க, இன்னைக்கு எதுக்குப் போச்சு?"

"வேலுக்கு."

அடுத்த வாரம்: "இன்னைக்கு?"

"மயிலுக்கு."

"அதுக்கென்ன, மயிலும் சாமியோடதுதானே."

"ஆமா. நாளைக்கு வாசல் தூணுக்குப் போட்டாலும் அது சாமியோடதுதான்னு சொல்லுவ."

போதாதற்கு மகளிடமிருந்து போன்.

"அப்பா, நான் கட்டுன மாலை முருகனுக்கு ரொம்ப எடுப்பா இருந்துச்சாமே? மாமா வந்து சொன்னாரு."

"ம்."

"நீங்க பாக்கலையா?"

"கூட்டம்மா."

கூட்டமெல்லாம் இல்லை. சன்னிதியில் பொய் சொல்லக்கூடாது. போனில் சொல்லலாம் என்று ஒரு கணக்கு.

கால் அவருக்கு வயதான கால். அப்படியென்றால் வித்தியாசம் எதில்? டயரில்தான்! பஜாருக்குப் போய் சைக்கிள் கடை பெங்காலி தாதாவிடம் (அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன்) கேட்டேன்.

"தாதா, ரோட்டுக்கு ஏத்த மாதிரி டயர் வேணும். விலையும் கம்மியா இருக்கணும்."

"நஹி அண்ணா. உங்க பைக்குக்கு இந்த காட்டா வாலா, முள்ளு டயர்தான் ஹை. ப்ளேன் வாலா கப்பல்ல வரணும்."

"எப்ப வரும்?"

தாதா கடல் இருக்கிற திசையைப் பார்த்தார். இந்த ஊரில் பாதிக் கேள்விக்கு அதுதான் பதில்.

பையனுக்கு மெட்ராசுக்குப் போன் போட்டேன். "டயர் பக்கவாட்டுல நம்பர் இருக்கும்ப்பா. அதைச் சொல்லுங்க, வாங்கி அனுப்புறேன்" என்றான்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. என் டயர் நம்பரைச் சொன்னால் என் டயர் மாதிரிப் பலாப்பழம்தானே வரும்? எனக்கு வேண்டியது சம்பந்தி டயர் மாதிரி அல்லவா? அப்படியென்றால் யார் நம்பரைச் சொல்ல வேண்டும்?

அடுத்த செவ்வாய் பூஜை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்தேன். ஒரு கையில் விபூதிப் பொட்டலம். மறு கையால் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சம்பந்தி சைக்கிள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நம்பரைப் படித்தேன். 26 × 1 3/8. என்னுடையது 26 × 1.95. இருபத்தாறும் இருபத்தாறும் ஒன்றுதானே? மீதி எல்லாம் தடிமன் கணக்கு.

"என்ன சம்பந்தி, காத்து இறங்கியிருக்கா?"

பின்னால் அவர்தான்.

"இல்லை இல்லை... செருப்பு வார் அவுந்திருச்சு."

கோயில் வாசல். நான் வெறுங்காலில் இருந்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

கப்பலில் வந்த தெரிந்தவர் கையில் பையன் டயர் கொடுத்துவிட்டான். ஒரு ஜோடி, மெல்லிசாக, வழவழவென்று. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் சக்கரத்தைக் கழற்றி மாட்டினோம். மாட்டினோமா? அது வளையத்தில் நிற்கவே இல்லை. தொளதொளவென்று தொங்கியது.

"அக்கா வளையலைத் தங்கச்சி போட்ட மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி.

தாதாவிடம் ஓடினேன். அவர் பார்த்தவுடன் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணா, பாயிண்ட் வாலா அலக், பட்டா வாலா அலக்!" புள்ளி வைத்து எழுதின நம்பர் வேறு, பின்னமாக எழுதின நம்பர் வேறு. பெயருக்கு இரண்டும் இருபத்தாறு. சக்கர வளையம் வேறு வேறு அளவு. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் கடை கடலுக்கு அந்தப் பக்கம்.

டயர் ஜோடி எங்கள் வராண்டா ஆணிக்குப் போனது. நான் பழையபடி பலாப்பழத்தில் ஏறினேன்.

ஆனால் பாருங்கள்... அந்தச் செவ்வாய்க்கிழமை ஏற்றத்தில் மணிச் சத்தம் கேட்கவில்லை. நான்தான் முதல் ஆள். மார்பு மாலை எனக்கு!

விசாரித்தேன். சம்பந்தியின் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்து டியூப் பிதுங்கி வெடித்துவிட்டதாம். முன் டயரும் இன்றோ நாளையோ. பஜாரில் எந்தக் கடையிலும் அந்த அளவு இல்லை. கடல் சரியில்லாமல் சரக்குக் கப்பல் தள்ளிப் போயிருந்தது. போர்ட் பிளேயரில் அந்த நம்பர் டயர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டு ஆணியில்.

வாயைத் திறந்தேனா? இல்லை.

அடுத்த செவ்வாயும் மார்பு மாலை எனக்கே. சம்பந்தி நடந்து வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. எல்லாருக்கும் கடைசியில் நின்று மாலையைக் கொடுத்தார். குருக்கள் வாங்கிப் பாதத்தில், மற்ற மாலைகளின் மேல் வைத்தார். அது நழுவி ஓரமாக விழுந்தது. இரண்டு பூ, எதிரே இரண்டு பூ, நடுவில் ஒரு பச்சை இலை.

ஜெயித்தவன் நான்தான். பிறகு ஏன் அந்த மாலையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை?

மனைவியிடம் சொன்னேன். "அந்த டயரை எடுத்துக் கொடுத்தா கையா குறைஞ்சிரும்?" என்றாள். "கொடுக்கலாம் கொடுக்கலாம்" என்றேன். கொடுக்கவில்லை. ஆணி இருக்கிற பக்கமே பார்க்காமல் நடமாடினேன்.

அந்த வாரக் கடைசியில் சம்பந்தியே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் தூக்குச் சட்டி. "உங்க பொண்ணு அதிரசம் சுட்டுச்சு. சுகர்னாலும் அப்பாவுக்கு ஒண்ணாவது கொடுத்துட்டு வாங்க மாமான்னு ஒரே பிடிவாதம்" என்று சொல்லிக்கொண்டே வராண்டாவில் நிமிர்ந்தார். டயரைப் பார்த்தார். கிட்டப் போய்ப் பக்கவாட்டில் விரல் வைத்துப் படித்தார்.

"சம்பந்தி... இது என் சைக்கிள் நம்பராச்சே!"

நான் அவர் கையிலிருந்த தூக்குச் சட்டியை வாங்கிக் கீழே வைத்தேன்.

"அன்னைக்குக் கோயில் வாசல்ல குந்திப் பார்த்துட்டிருந்தீங்களே... வெறுங்கால்ல இருந்துக்கிட்டு செருப்பு வார்னு சொன்னீங்க. இதுக்குத்தானா? டயர் தேஞ்சு போச்சுன்னு பார்த்து, சொல்லாம மெயின்லேண்டுல இருந்து வரவழைச்சீங்களா?"

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். சிரித்தாளா, பயந்தாளா தெரியாது.

"ஆமா சம்பந்தி" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஆயுசு பூரா கப்பல்ல ஊராருக்குச் சாமான் ஏத்தி இறக்கியிருக்கேன். எனக்குன்னு யாரும் கப்பல்ல ஒரு சாமான் வரவழைச்சதில்ல."

அந்த அதிரசத்தை என்னால் விழுங்க முடியவில்லை.

விஷயம் அத்தோடு முடியவில்லை. என் பைக் உறுமுகிற கதையை மகள் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் தன் பழைய கப்பல் சிநேகிதரிடம் சொல்லி, அடுத்த கப்பலிலேயே எனக்கு டயர் வரவழைத்துவிட்டார். ஒரு ஜோடியையும் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு வந்து நின்றார். என்னுடைய நம்பர்! புள்ளி வைத்த நம்பர்! 26 × 1.5.

மவுண்டன் பைக்கை ரோட்டில் ஓட்டுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். புள்ளிக்குப் புள்ளி, பின்னத்துக்குப் பின்னம். உங்கள் டயரில் எப்படி எழுதியிருக்கிறதோ அதே மாதிரிதான் வாங்க வேண்டும். முன் எண் மாறக்கூடாது, பின் எண் கொஞ்சம் குறையலாம். நடுவில் வழவழப்பு, ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னப் பல். நம் ஊர் மழைக்கு அந்தப் பல் வேண்டும். காற்றைக் கெட்டியாக அடியுங்கள். விலை கூடினதுதான் ஓடும் என்றில்லை. எனக்கு வந்தது சாதாரண இந்திய டயர்தான், வெண்ணெய் மாதிரி போகிறது. முக்கியமாக, அடுத்தவர் டயரைப் பார்த்து நம்பர் எழுதாதீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே ஏற்றம் ஏறினோம்.

"சத்தமே காணோமே சம்பந்தி!" என்றார்.

"டயர் சத்தம்தான் போச்சு. என் மூச்சுச் சத்தம் கேக்கலையா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சன்னிதியில் நின்றோம். இரண்டு மாலையும் நீண்டன. "யாருது முதல்ல?" என்றார் குருக்கள்.

"அவருது. எனக்கு டயர் கொடுத்தவரு" என்றார் சம்பந்தி.

"இல்லைங்க, அவருது. எனக்கும் டயர் கொடுத்தவரு."

"அதெப்படி சம்பந்தி, நீங்கதான் முதல்ல..."

"மூத்தவர் நீங்க இருக்கும்போது..."

"பாய் சாப், தோடா சைடு" என்று பின்னாலிருந்து வழி கேட்டது ஒரு குரல். ஒரு தெலுங்கு அம்மா. எங்கள் இருவர் நடுவில் கையை நீட்டினார். வாழைநாரில் கட்டின சின்ன மல்லிகைச் சரம். குருக்கள் வாங்கினார். நேரே முருகன் மார்பு!

சம்பந்தி சன்னிதி என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டார். நான் மகள் கட்டிய மாலையை அவர் கையிலிருந்து வாங்கி வேலுக்கு என்று முன்னால் தள்ளினேன். எனக்கென்ன, மயில் பழக்கமாயிற்றே.

வெளியே வந்ததும் என் கண் முதலில் தேடியது அந்த அம்மாவின் வண்டியை. என்ன டயர் போட்டிருப்பார்? எந்த நம்பர்?

காலியான பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, அவர் இறக்கத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

வருகிற செவ்வாய் நானும் நடந்தே போகலாம் என்று இருக்கிறேன்... அந்த அம்மா வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறார் என்று மட்டும் யாராவது சொன்னால் தேவலை.