ஹில்டாவின் முதுகு ஜிப்

ஹில்டா டாட்ஸ் வாரத்தில் ஐந்து நாள் பஸ் ஓட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை வடகடலுக்கு அடியில் இருப்பாள். அறுபத்திரண்டு வயதில் ஏன் இந்த வேண்டாத வேலை என்று தங்கை கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

முக்குளிப்புச் சங்கத்தில் எல்லோருடைய உடையையும் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. நீர் புகாத அந்த உடைக்கு முதுகில்தான் ஜிப், போட்டவருக்கே எட்டாது. “ஜிப்!” என்று அவள் போடும் அதட்டலில் கடற்பறவைகள் எழுந்து பறக்கும். இருபது வருடமாக அவள் கை படாமல் ஒருவரும் இறங்கியதில்லை.

அன்று அவளுக்கு ஜோடி நெவில். மூழ்கிக் கிடக்கும் நிலக்கரிக் கப்பலின் கொதிகலனைப் பார்க்க இரண்டு கோடையாகத் தவம் கிடந்தவன். நீரோட்டம் நிற்கிற இருபது நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அவசரத்தில் அவன்தான் ஹில்டாவின் ஜிப்பை இழுத்துவிட்டான்.

கப்பல்வரை போகும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்கால்வாசி தூரம் இறங்கியதும் முதுகில் சில்லென்றது. பிறகு இடுப்பு, தொடை, பாதம். எல்லோரையும் பார்த்தவள் தன்னைப் பார்க்கச் சொல்ல மறந்திருந்தாள். கீழே கொதிகலன் மங்கலாகத் தெரிந்தது. சேர்ந்து இறங்கினால் சேர்ந்துதான் ஏற வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கலாமா? பல்லோ தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. மானம் போகிறதே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ள, மேலே போகலாம் என்று கட்டைவிரலை உயர்த்தினாள். நெவில் உடனே திரும்பினான்.

படகில் அவள் உடையைக் கழற்றியதும் அரை வாளித் தண்ணீர் கொட்டியது.

“ஏன் ஹில்டா, கடலையே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?” என்றார் படகுக்காரர் வால்ட்டர், டீயை நீட்டியபடி.

“சிரிங்க, நல்லா சிரிங்க. இனிமே இந்த ஜிப் பாக்குற வேலையை வேற யாராவது பாருங்க. நெவிலு, உன் கொதிகலன் என்னால போச்சுப்பா.”

“அது நூறு வருஷமா அங்கேயேதான் கெடக்குது. எங்க ஓடிடப்போகுது? அரைகுறையா இழுத்துவிட்டது நான். பேசாம டீயைக் குடி.”

சங்கத்து வழக்கப்படி, உடைக்குள் தண்ணீர் புக விட்டவர் அடுத்த முறை கேக் கொண்டுவர வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஹில்டா பெரிய எலுமிச்சை கேக்கோடு வந்தாள். யாரையும் அதட்டாமல் ஓரமாக உட்கார்ந்து துடுப்புக் காலணியை மாட்டப் போனாள். படகில் ஒருவரும் அசையவில்லை. மற்ற ஆறு பேரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

“எங்களை யாரு பாக்குறது?” என்றான் நெவில்.

ஹில்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். ஆறு ஜிப்பையும் தடவிப் பார்த்தாள். அவள் மறுபடி காலணியை மாட்டத் திரும்பியதுதான் தாமதம், ஆறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்:

“ஜிப்!”

கொதிகலனை எட்டும்வரை அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயெல்லாம் உப்புத் தண்ணீர். முதுகில் மட்டும் ஒரு சொட்டு இல்லை.