நாலு இடது கையும் ஒரு நெல் வயலும்

விதிப்படி, கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் பந்து வீசும் முனை மாற வேண்டும். உத்திரமேரூருக்கு வெளியே, பஸ்ஸுக்காக நான் காத்திருக்கும் டீக்கடைக்கு எதிர் மைதானத்தில் மாறுவதில்லை. மறுமுனையில் ஓடிவந்து வீச இடமில்லை, சாலை வந்துவிடுகிறது. அதனால் இடது கைக்காரர் ஓங்கி அடித்தால் பந்து எப்போதும் நெல் வயலுக்குத்தான் போகும். பயிர்க்காரர் சண்டைக்கு வருவார் என்று, வயலில் விழுந்தால் அவுட்.

பெஞ்சில் உள்ளூர் ரசிகர்கள் இருவர் ஞாயிற்றுக்கிழமை ஃபைனலை அலசுகிறார்கள்.

"பௌலருங்க ரெண்டே பேரு. மூணாவது ஆளுக்கு கம்பெனில ஷிப்டு."

"அத்த வுடு மாமே. நம்ம பேட்டிங்ல நாலு பேரு லெஃப்டு. எதிர் டீமு மாகறல்காரன் இப்பவே சிரிச்சிக்கினு கீறான்."

நான் விதியைச் சொல்கிறேன். மறுமுனையில் ஓடாமல் நின்றபடி வீசினாலும் போதும், முனை மாறினால் பாதி ஓவர்களில் வயல் எதிர்ப்பக்கம் போய்விடும்.

"கமிட்டிக்கு எழுதிக் குடு சார். நாங்க சொன்னா இன்னா மதிப்பு?"

பொருள், பார்வை, கைப்பேசி எண்ணுடன் எழுதுகிறேன். கமிட்டிச் செயலாளர் எங்களுக்கு டீ ஆற்றுபவர்தான். கையைத் துடைத்துக்கொண்டு வாங்குகிறார்.

"கமிட்டி கூடிப் பேசணும் சார்."

பதில் கைப்பேசியில் வந்தது: "ஏத்துக்கினோம் சார். நாலு பேரும் வயல்லதான் அவுட்டு."

வந்த நாள், ஃபைனலுக்கு மறுநாள் திங்கட்கிழமை.