கனவில் வந்தவர் என்ன சொன்னார்?

சுல்மா பென்டன்கோருக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது சேமிப்பை நீட்டி, “இதில் போடு” என்றால் உடனே போடமாட்டாள். ஏன் என்று கேட்பாள். மொந்தேவிதேயோவின் பழைய நகரத்தில், முதலீட்டு ஆலோசனை சொல்லும் எங்கள் சின்ன அலுவலகத்தில் அவளுக்கு அடுத்த மேசை என்னுடையது. அந்த ‘ஏன்’ கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. சட்டமே கேட்கச் சொல்கிறது என்பாள். நாங்களும் பெயருக்குக் கேட்போம். அவள் பதில் வரும்வரை காத்திருப்பாள்.

ஜூலை எங்களுக்குக் குளிர்காலம்; அந்த ஜூலையில் ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி தெருவை விழுங்கியிருந்தது. வெளியே போகிறவர்களுக்குக் கால்களே இல்லை. தேநீருக்கான சுடுநீர்க் குடுவையை அக்குளில் இடுக்கியபடி உடம்பு மட்டும் மிதந்து போகும். அப்படி மிதந்துதான் ஒர்ஃபிலியாவும் உள்ளே வந்தாள்; வயதானவள் என்பதால் மரியாதையாக ‘டோன்யா’ என்போம். போன கோடையில் கணவர் எலெயுதேரியோவைப் பறிகொடுத்தவள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று வாழ்ந்த மனிதர் அவர்.

“கனவுல வந்தாரு மகளே. பேசினாரு!” என்றாள் சுல்மாவிடம்.

எங்கள் ஊரில் ஒவ்வொரு கனவுக்கும் ஓர் எண் உண்டு. எழுந்ததும் லாட்டரிக் கடையில் அந்த எண்ணின்மேல் பணம் கட்டுவோம். செத்தவர் வந்தால் நாற்பத்தேழு, வந்து பேசினால் நாற்பத்தெட்டு. அப்போது நாங்கள் விற்றுக்கொண்டிருந்ததோ நாற்பத்தெட்டு மாதப் பத்திரம். கிழவி சுவரிலிருந்த விளம்பரத்தைக் காட்டிச் சிரித்தாள். அவர் விட்டுப்போன சேமிப்பு முழுவதையும் அதில் போடவேண்டுமாம். போட்டால் நான்கு வருடம் ஒரு காசு வெளியே எடுக்க முடியாது. அவளுடைய ஓய்வூதியமோ மருந்துக்கே சரியாகிவிடும்.

மேலாளர் கோரோசிட்டோ சுல்மாவின் காதருகே குனிந்தார். “அவங்களாவே கேக்கறாங்க, கையெழுத்து வாங்கு. இதையும் கெடுத்தேன்னா உனக்கு இங்க மேசை கிடையாது.”

நான் கிசுகிசுத்தேன். “நீயும் கனவு கண்டேன்னு அடிச்சு விடு. பதினேழு, கெட்ட எண். பயந்து ஓடிருவா.”

“அப்புறம் நான் சொல்ற நிஜத்தை அவங்க எப்படிய்யா நம்புவாங்க?”

அவள் நாற்காலியைக் கிழவி பக்கம் இழுத்துப்போட்டாள். “டோன்யா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இதுல நீங்க போட்டா எனக்குத் தரகு வரும். ரெண்டு மாசச் சம்பளம் அளவுக்கு.”

“வரட்டுமே! உனக்கு வந்தா எனக்குச் சந்தோஷம்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுல்மா சிரிக்கவில்லை.

“சரி, அவரு என்ன பேசினாரு?”

“பேசினாருன்னேனே.”

“என்ன பேசினாரு?”

கிழவி யோசித்தாள். சுல்மா வழக்கம்போலக் காத்திருந்தாள். துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. அந்த அறையே தூங்கிக்கொண்டிருப்பதுபோல எனக்குத் தோன்றியது.

“‘ஒர்ஃபிலியா, குளிருது’ன்னாரு. அவ்வளவுதான்.”

“பத்திரத்தைப் பத்தி?”

“அவரு என்னிக்கு மகளே பணத்தைப் பத்திப் பேசியிருக்காரு? சன்னலோரமா உக்காந்திருந்தாரு, எப்பவும்போல. கோட்டுகூடக் கழட்டல. அந்தக் கண்ணாடி உடைஞ்சு கிடக்கு. அட்டை வச்சு அடைச்சிருக்கேன்.” அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “எனக்கும்தான் குளிருது.”

பத்திரம் விற்கவில்லை. சேமிப்பில் ஒரு பகுதிக்குச் சன்னல் கண்ணாடியும் கணப்பு அடுப்பும் வாங்கச் சொல்லிவிட்டு, மீதியை நினைத்தபோது எடுக்கும்படி போட்டுக்கொடுத்தாள் சுல்மா. தரகு என்று ஒன்றும் தேறவில்லை. கோரோசிட்டோவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மனிதர் சொன்ன சொல் தவறாதவர், மாதக் கடைசியில் அந்த மேசை காலியானது.

வசந்தத்தில் ஒர்ஃபிலியா மறுபடி வந்து காலி மேசையைப் பார்த்து நின்றாள். சுல்மா இப்போது தன் பெயரில் பதிவு செய்துகொண்டு, சந்தைக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாகத் தொழில் நடத்துகிறாள். கோரோசிட்டோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகவரியை எழுதிக் கொடுத்தேன்.

“அவகிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றாள் கிழவி. “மறுபடி வந்தாரு.”

“பேசினாரா?”

“இல்லப்பா. கோட்டைக் கழட்டி நாற்காலியில மாட்டிட்டு, சும்மா உக்காந்திருந்தாரு.”