நூற்று நாற்பத்திரண்டு சிவப்புச் சீட்டுகள்

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டுக் கோடையில், விமான நிறுவனத்தின் முன்பதிவுப் பிரிவிலிருந்து பராமரிப்புப் பதிவறைக்கு மாற்றப்பட்ட முதல் வாரத்திலேயே, எழுத்தரம்மாள் ஒரு மெக்கானிக்கிடம் திட்டு வாங்கினாள். ஒரு பம்பின் சான்றுத் தாளை வேறொரு விமானத்தின் கோப்பில் செருகியிருந்தாள். விமானக் கொட்டகையிலிருந்து கிரீஸ் படிந்த கையோடு வந்த அவர், கோப்பை மேசைமேல் போட்டார்.

"மேடம், உங்க பிள்ளையோட பிறப்புச் சான்றிதழைப் பக்கத்து வீட்டு பீரோவுல வைப்பீங்களா?"

"தெரியாம நடந்துடுச்சு, அண்ணே."

"எல்லாம் தெரியாமதான் நடக்குது. தெரிஞ்சா விழுது விமானம்?"

அவருக்குச் சீட்டுக்காரர் என்று பட்டப்பெயர். புதிதாக வருகிறவர்கள் சூதாடி என்று நம்பி, உணவு வேளையில் ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். அவர் முறைக்கும் முறைப்பில் கூப்பிட்டவருக்குச் சோறு இறங்காது. உண்மையில் அது சிவப்புச் சீட்டு. ஒரு விமானத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தினால் மூன்று சீட்டுகள் எழுத வேண்டும்: ஒன்று கழற்றிய பாகத்துக்கு, ஒன்று அது இருந்த காலி இடத்துக்கு, நகல் பதிவறைக்கு. மற்றவர்கள் நேரம் இருந்தால் எழுதுவார்கள். அவர் திருகாணிக்கும் எழுதுவார்.

அது அரசு நிறுவனம். அதன் நான்கு விமானங்களும் அண்டை நாட்டு அரசின் குத்தகை நிறுவனத்துக்குச் சொந்தமானவை, பன்னிரண்டாண்டுக் குத்தகை. இரு அமைச்சர்கள் கைகுலுக்கும் படம் வரவேற்பறையில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. ஐந்தாம் ஆண்டில் நிறுவனம் கடனில் கழுத்தளவு மூழ்கியது. தனியார் முதலாளியாக இருந்தால், வாடகை நின்ற மறுமாதமே விமானங்களை ஓட்டிக்கொண்டு போயிருப்பான். இங்கே இரு பக்கமும் அரசு. கேட்க வேண்டியவர் கூச்சப்பட்டார். கொடுக்க வேண்டியவருக்குக் கூச்சமே இல்லை. நிலுவையின் தலையில் ‘நட்புறவு’ என்று எழுதிக் கெடுவை நீட்டினார்கள். இன்னொரு படம் எடுத்து மாட்டினார்கள்.

உதிரிபாகம் விற்பவனுக்கு நட்புறவு ஏது? அவன் ரொக்கம் கேட்டான். ஆகவே, நான்காவது விமானத்தை மூலையில் நிறுத்தி, அதன் உறுப்புகளைப் பிடுங்கி, மற்ற மூன்றையும் பறக்கவிட்டார்கள். உத்தரவு பொதுமேலாளருடையது, அதுவும் வாய்மொழியாக மட்டும். கழற்றிய கை சீட்டுக்காரருடையது. இரண்டாண்டுகளில் பதிவறைக் கோப்பில் மட்டும் நூற்று நாற்பத்திரண்டு சீட்டுகள் சேர்ந்தன.

பிறகு, குத்தகை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வரப்போவதாகச் செய்தி வந்தது. ஒப்பந்தப்படி நான்கு விமானங்களும் முழுமையாக இருக்க வேண்டும். அன்று பிற்பகல் பொதுமேலாளரின் உதவியாளர் பதிவறைக்கு வந்தார்.

"சிவப்புச் சீட்டுக் கோப்பு வேணுமாம், அம்மா. ஐயா ஒரு பார்வை பார்த்துட்டுத் தந்துடுவாரு."

"ரசீதுல ஒரு கையெழுத்து..."

"ஐயாகிட்டயே ரசீதா? ரொம்ப நல்லாயிருக்கே!"

அவர் சிரித்தார், அவளும் சிரித்துவிட்டாள். போன கோப்பு திரும்பவில்லை. மறுநாள் காலைக்குள், விமானத்தின் காலி இடங்களில் கட்டியிருந்த சீட்டுகளும் மறைந்தன.

ஆய்வாளர்கள் மூடிகளைத் திறந்தபோது விமானம் உள்ளே பொந்தாக இருந்தது. பொதுமேலாளர் பதறினார். பாகங்கள் களவு போய்விட்டன என்றார். கிடங்குச் சாவிக்குக் கையெழுத்திட்டிருந்தவர் சீட்டுக்காரர். அன்றே அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள்.

எழுத்தரம்மாள் மூன்றாம் மாடியிலிருந்த அவர் வீட்டுக்கு மூச்சிரைக்க ஏறிப்போய் நடந்ததைச் சொன்னாள்.

"ஒரு நட்டு விடாம எழுதி வெச்சவன் திருடனாம்!" என்று அவர் கத்தினார். "நீங்க ஒரு கையெழுத்து வாங்கலையா?"

"வாங்கல, அண்ணே."

"சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

"போயிடுங்க. இப்ப என் கண்ணு முன்னால நிக்காதீங்க."

அவள் போனாள், ஆனால் ஒவ்வொரு விசாரணைக்கும் வந்தாள். கோப்பைக் கொண்டுபோனது யார் என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். ரசீது எங்கே என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். மூன்று விமானங்களையும் திறந்து, பாகங்களில் பொறித்த எண்களைப் பாருங்கள் என்று சீட்டுக்காரர் மன்றாடினார். பறக்கிற விமானத்தை ஒரு மெக்கானிக்குக்காக நிறுத்த முடியாது என்றார்கள். அடுத்த மூன்றாண்டுகளில் சொந்தக்காரர்களே நான்கையும் கொண்டுபோய்விட்டார்கள். அவருடைய சாட்சிகள் அவர் கண்ணெதிரே பறந்து போயின. பொதுமேலாளர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

சேதத்துக்கு ஈடு கேட்டு, குத்தகை நிறுவனம் பாகங்களின் எண் பட்டியலை அனுப்பியபோது, அவரைப் பணிநீக்கம் செய்து பதினோரு ஆண்டுகள் கழிந்திருந்தன. நான்காவதில் காணாமல்போன நூற்று நாற்பத்திரண்டு பாகங்களின் எண்களும் அந்த மூன்று விமானங்களுக்குள்ளேயே இருந்தன. அவர் அப்போது நுரையீரல் கெட்டு மருத்துவமனையில் கிடந்தார். முடக்கிவைத்த ஓய்வூதியத்தை விடுவிப்பதற்கு நிறுவனம் ஒரு கடிதம் தயாரித்தது. தானும் ஓய்வு பெற்றுவிட்ட எழுத்தரம்மாள்தான் அலைந்து அதை வாங்கிவந்தாள். குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது, ‘பதிவறையின் கவனக்குறைவால் ஏற்பட்ட குழப்பமே’ காரணம், இதை ஏற்று ஒப்பமிடவும்.

அவர் இருமுறை படித்தார்.

"போட்டுத் தொலைங்களேன்" என்றார் மனைவி. "மருந்துக்கடைக்காரன் என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்துறான்."

"என்மேலதானே எழுதியிருக்கு, அண்ணே?" என்றாள் எழுத்தரம்மாள். "எழுதட்டும். இனிமே என்னை என்ன பண்ணிடுவாங்க? அது பொய்யும் இல்லையே. ரசீது வாங்காதது நான்தான்."

அவர் மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்தார்.

"கொடுத்தது நீ. எடுத்துட்டு வரச் சொன்னது யாரு? அந்த வரி எங்க?" பதினெட்டு ஆண்டுகளில் முதன்முறையாக அவளை ‘நீ’ என்றார். "இத்தனை வருஷம் என்னைத் திருடன்னான். இப்ப என் கையாலயே உன்னைக் குற்றவாளியாக்கச் சொல்றான். இதுக்கு நான் திருடனாவே சாவேன்!"

இருமல் அடங்கியதும் மனைவியைப் பார்த்தார். "உனக்குத்தான் அநியாயம் பண்றேன். தெரியுது."

மனைவி குழாயை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிவிட்டார்.

அதன்பின் அவர் இரண்டு நாள் இருந்தார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. கடிதம் வந்த அன்று, அதை எழுத்தரம்மாளின் கையில் திருப்பித் திணித்தபடி கேட்டதே கடைசி.

"வேற கடுதாசி எழுதச் சொல்லு. கோப்பை எடுத்துட்டு வரச் சொன்னவன் பேரு, பதவி, தேதி, மூணும் அதுல இருக்கணும். அப்ப வந்து பேனாவைக் குடு."