வேட்டிக் கரையில் நாயுருவி

நாயுருவி என்று ஊரறிந்த பெயர் ஒன்று இருக்க, எங்கள் வீட்டில் அந்தச் செடிக்கு இரண்டு பெயர்கள். நான் பிறந்தது பாடாலூர்ப் பக்கம். அங்கே எங்கள் தெருவில் அதைக் கொழுந்தன் செடி என்போம், சேலையைப் பிடித்து வம்புக்கு இழுப்பதால். ஜெயங்கொண்டத்துக்காரரான என் வீட்டுக்காரருக்கு அது விருந்தாளிச் செடி. கூப்பிடாமலே கூட வந்துவிடுமாம். எது சரியான பெயர் என்று கல்யாணமான புதிதில் தொடங்கிய சண்டை கடைசிவரை ஓயவில்லை.

முந்திரிக்காட்டுக்குப் போய் வந்தால் அவர் வேட்டிக் கரை முழுக்க அந்த முள்விதை அப்பியிருக்கும். சோப்புக்கும் பிரஷ்ஷுக்கும் அசையாது, கையால்தான் பிடுங்க வேண்டும். சாயங்காலம் அவர் வாசற்படியில் உட்காருவார். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து பிடுங்குவேன், பிடுங்கப் பிடுங்க வைவேன்.

"வரப்பு மேல நடந்தா கால் தேஞ்சா போயிடும்?"

"விருந்தாளி வந்தா வாங்கன்னு சொல்லணும். நீ என்னடான்னா வையிற புள்ள."

நாங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டதெல்லாம் அந்த நேரத்தில்தான். மற்றபடி அவரவர் வேலை அவரவருக்கு.

போன வருஷம் ஒரு காலையில், காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரைப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் குட்டியானை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வரும் வழியிலேயே உயிர் போயிருந்தது.

குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டினார்கள். கழற்றிய வேட்டி சலவைக்காரருக்குப் போக வேண்டும், எங்களில் அப்படித்தான் வழக்கம். ஓரமாகக் கிடந்த அதை எடுத்து மடியில் போட்டேன். கரை முழுக்க நாயுருவி. கை தானாகப் பிடுங்க ஆரம்பித்தது. சுற்றிலும் ஒப்பாரி. என் நாத்தனார் தோளைத் தொட்டு, "அண்ணி, விடுங்க" என்றாள்.

"இப்படியேவா குடுக்கறது? இரும்மா, முடிச்சிடறேன்."

வெட்கங்கெட்ட கை, ஒன்றைக்கூட விடவில்லை. சலவைக்காரர் வந்து வேட்டியைச் சுருட்டி வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போனதும் பெண்கள் வீடு வாசலைக் கழுவினார்கள். நான் பிடுங்கிப் போட்டதெல்லாம் தண்ணீரோடு தெருவுக்குப் போயிற்று.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அன்று காலை அவர் உயிரோடு நடந்த நடைக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். போனவரை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி நாத்தனார் தேற்றினாள். ஒன்றையாவது விட்டு வைத்திருக்கலாம், எல்லாவற்றையும் நானே பிடுங்கி எறிந்துவிட்டேன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?